மருமவனே, வளையத்துக்கு எடம் பாரு

ஏ மருமவனே, வீட்டுக்குள்ள மீன்தொட்டி வச்சிருக்கியாம்லா. தென்காசிக்குப் போயி கட்டில் விலைக்கு ஒரு கேனிஸ்டர் ஃபில்ட்டரும் வாங்கியாந்துட்டியாம். ஒங்கப்பன் காசுதான, நல்லா வாங்கு.

தொறந்து பாத்தேன். தண்ணி உள்ள நுழையுத எடத்துலயே பீங்கான் வளையத்தைக் கொட்டி வச்சிருக்க. அதுக்குப் பொறவு ஸ்பாஞ்சு. ரொம்பச் சரி! மீன் பீயும் மிச்சத் தீனியும் வளையத்துல அப்பிக்கிடும், ஸ்பாஞ்சு அழுக்குப் படாம சொகமா இருக்கும். அதுதான முக்கியம்?

சித்தாத்து மீனுக்கு எந்த மடையன் வளையம் வாங்கிப் போட்டான்? பாறையிலயும் மணல்லயும் ஒட்டிக் கெடக்க பாக்டீரியா அங்க எல்லா வேலையும் பாத்துக்கிடும். ஒன் தொட்டியில அதுக்குக் குடியிருக்க எடம் பத்தாது. அதுக்குத்தாம்லே வளையம். மீன் கழிக்க அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டா மாத்தும். மொத ரெண்டும் மீனுக்கு வெஷம். கடைசியில வாரது அவ்வளவு பொல்லாதது இல்ல. வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்துனா போதும். இந்த வேலைக்கு ஆக்சிஜன் வேணும். வளையத்துல இருக்க பொடி ஓட்டையெல்லாம் பீயால அடைச்சிட்டா பாக்டீரியா எப்படி மூச்சு விடும்?

குத்தாலத்துல கொப்பும் கல்லுமா செந்தண்ணி பாஞ்சா, மெயினருவியில போலீசு ஒருத்தனையும் உள்ள விடமாட்டான். வெள்ளம் தணிஞ்சாத்தான் குளியல். ஒன் பாக்டீரியாவுக்கும் அதே சட்டந்தான். மொதல்ல ஸ்பாஞ்சு, அப்புறம் வளையம். கரியோ மெல்லிசுப் பஞ்சோ போடணும்னா அதுக்கும் பொறவு. கேனிஸ்டர்ல தண்ணி கீழ இருந்து மேல ஏறுதா, மேல இருந்து கீழ எறங்குதான்னு பாத்துக்கோ. தட்டை எண்ணாத, தண்ணி போற வழியப் பாரு.

வளையத்தைக் குழாயடியில வச்சு பிரஷ் போட்டுத் தேய்ச்சியாமே, வெள்ளை வெளேர்னு ஆயிட்டாமே! ஆகாம? குழாத்தண்ணி குளோரின்ல குடியிருந்ததை எல்லாம் கூண்டோட கெளப்பிட்ட. நாளைக்கு மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடும். நீ, ‘மாமா, என்னையப் பாத்து முத்தம் குடுக்கு’ம்ப. தொட்டித் தண்ணியவே ஒரு வாளியில மோந்து, அதுல ரெண்டு முக்கு முக்கி எடுலே. பழுப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது, பொண்ணா பாக்கப் போற?

சாரல் காத்துல மணிக்கணக்கா கரண்டு போச்சுன்னா, மூடுன கேனிஸ்டருக்குள்ள ஆக்சிஜன் தீந்துரும். கரண்டு வந்ததும் சுவிச்சைத் தட்டாத. தொறந்து மோந்து பாரு. நாத்தம் அடிச்சா அந்தத் தண்ணிய வெளிய ஊத்திட்டு ஓட விடு.

புதுத் தொட்டியில இந்தக் கூட்டம் குடியேற 4 முதல் 6 வாரம் ஆவும். அதுவரைக்கும் மீனை வாங்கிக் குவிக்காத. பழைய தொட்டிக்காரன் எவங்கிட்டயாவது ஊறுன ஸ்பாஞ்சு ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடு, சீக்கிரம் குடியேறும்.

புது ஃபில்ட்டர் வேணும்னு ஒங்கப்பங்கிட்ட போயி நிக்காத. வளையத்தை எடம் மாத்தி வைக்க அஞ்சு காசு செலவு இல்ல. இன்னைக்கே மாத்திரு.