21 நாளும் ஒரு தென்னையும்

கேள்வி: எரிவாயுக் குழாய்த் திட்டங்களுக்கு அனுமதியை விரைவாக்கினால் என்ன?
– வாசகர், பனமரத்துப்பட்டி

பதில்: கோப்பு ஓடட்டும், விவசாயி மேல் ஏறி ஓடக் கூடாது. 1962-ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டம் ஆட்சேபம் சொல்லத் தருவதே 21 நாள். ஒரு தென்னை காய்க்க எத்தனை வருஷம்! பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் குழாய் போகும் இடத்தில் மரம் வைக்கவோ கிணறு வெட்டவோ வீடு கட்டவோ முடியாது. நிலத்துக்கு இழப்பீடு, சந்தை மதிப்பில் 10 சதவீதம். இது அநியாயம்.

பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாய் சேலம், நாமக்கல் உட்பட ஏழு மாவட்ட வயல்களில் வந்தபோது, 'நெடுஞ்சாலை ஓரமாகப் போகட்டும்' என்றது தமிழக அரசு, 2013-இல். உச்ச நீதிமன்றம் 2016-இல் கெயில் பக்கம் நின்றது. எரிவாயு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைபடம் போடும்போதே தோட்டக்காரரைக் கேட்டிருந்தால் வழக்கில் போன வருஷங்கள் மிச்சமாகியிருக்கும்.