ரெண்டு கிலோமீற்றர் அடிக்கிற ரோச்

அப்புவிடம் மூன்று பற்றறி போடுகிற எவரெடி ரோச் ஒன்று இருந்தது. பகலில் தலையணைக்குக் கீழே கிடக்கும். பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குக்கு நடுவில் பஞ்சு சுற்றிய மேலதிக பல்ப் ஒன்று படுத்திருக்கும். அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக்கூடாது.

சுவிச்சில் ஒரு வழுக்குக் கட்டையும் ஒரு சிவப்புப் பொத்தானும். கட்டையை முழுக்கத் தள்ளினால் நின்று எரியும். பாதியில் விட்டால், பொத்தானை அமத்துகிற மட்டும்தான் எரியும். அப்பு கட்டையை முழுக்கத் தள்ளி நான் கண்டதில்லை. "ஒருக்கா அடி, நாலு எட்டு நட, பிறகு அடி" என்பார். நடுவில் உள்ள நாலு எட்டையும் ஞாபகத்தில்தான் நடக்க வேண்டும். பற்றறிக் காசை மிச்சம் பிடிக்கிற கஞ்சத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ரோச்சின் தலையைத் திருகினால் வெளிச்சம் கூராகும், திரும்பத் திருகினால் விரியும். விரியும்போது நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழும். பல்ப் கிண்ணத்தின் குவியத்தை விட்டு விலகினால் அப்படித்தான். ஆவணி மாதத்தில் விடியப்புறம் "தொப்" என்று பனங்காய் விழுகிற சத்தம் கேட்டதும் அப்பு எழும்புவார், நான் பின்னால் போவேன். முழுக்கக் கூராக்க விடமாட்டார். "கூர் வெளிச்சத்தில பனங்காய் தெரியும், புடையன் தெரியாது" என்பது அவருடைய ஒளியியல். பனங்காய் நடுவட்டத்தில் இருக்கும், பாம்பு எப்போதும் ஓரத்து மங்கலில்தான் கிடக்கும். ஆகவே பாதித் திருகு. அந்தப் பாதி எங்கே என்று ரோச்சின் தலையில் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். அவரை விட உயரமான வடலிகளுக்குள் நின்றுகொண்டு அந்தக் கீறலை விரலால் தடவிக் கண்டுபிடிப்பார்.

அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவர் 1899 இல் இந்தச் சாமானுக்குக் காப்புரிமை எடுத்தபோது, பற்றறிக்குத் தொடர்ந்து எரிக்கிற வலு இருக்கவில்லை. ஒரு மின்னல் அடித்துவிட்டு இளைப்பாற வேண்டும். அதனால்தான் அங்கே அதற்கு பிளாஷ்லைற் என்று பெயர் விழுந்தது. அப்பு இதொன்றும் அறியாமலே அந்தப் பெயருக்கு மரியாதை செய்திருக்கிறார்.

1990 இல் சண்டை திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரமும் போனது, பொருளாதாரத் தடையும் வந்தது. தடைப்பட்டியலில் பற்றறியும் இருந்தது. செத்த பற்றறியை வெயிலில் காயவைத்தோம். ஆணியால் ஓட்டை போட்டு உப்புத்தண்ணீர் விட்டோம். பத்துப் பன்னிரண்டு பிணங்களை வரிசையாகக் கட்டி றேடியோவில் செய்தி கேட்டோம். அதுவும் சரிவராத நாளில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றினோம். ஒருவர் பெடலைச் சுற்ற ஊரே பிபிசி தமிழோசை கேட்கும்; சுற்றுகிறவருக்கு மூச்சு வாங்கினால் லண்டனுக்கும் மூச்சு வாங்கும். வீட்டுக்குள் ஜாம் போத்தல் விளக்கு. அப்புவின் ரோச், பற்றறி இல்லாமல், தேங்காய் உரிக்கிற இடத்தில் ஆணியடிக்கிற சுத்தியலாக ஐந்து வருடம் உத்தியோகம் பார்த்தது.

குடாநாட்டை விட்டுக் கிளாலியால் கடல் கடந்த இரவில் ஒருவர் சுருட்டுப் பற்ற வைக்க, ஓட்டி அதைப் பறித்துத் தண்ணீரில் போட்டார். ஒரு நெருப்புப் பொட்டு எவ்வளவு தூரம் தெரியும் என்பதை அன்றைக்கு அந்தப் படகில் இருந்த எல்லோரும் கணக்குப் பார்த்திருப்போம். பிறகு, வலிகாமத்துக்குத் திரும்பிய காலத்தில், ரோச்சின் முன்பக்கத்தையும் படித்தோம். இராணுவச் சென்றியில் முகத்துக்கு நேரே அடிப்பார்கள். அடிக்கிறவர் கண்ணுக்கு நாங்கள் தெரிவோம், எங்கள் கண்ணுக்கு அவர் பச்சை வட்டமாக மிதப்பார். விரிந்த வெளிச்சமா கூர் வெளிச்சமா என்று அந்த இடத்தில் யாரும் கேட்டதில்லை.

2022 மார்ச் முடிவில் நாடு முழுக்க 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது கொழும்பிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் கோல் எடுத்து, "நீங்கள் எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டார். முப்பது வருடம் பிந்தி வந்த கேள்வி என்றாலும் விளக்கமாகவே பதில் சொன்னேன். அவருடைய போன் சார்ஜ் இறங்கிப்போனது.

போன மாதம் ரோச் ஒன்று வாங்க யாழ்ப்பாணம் பஸ் நிலையப் பக்கம் போனேன்.

"இது ரெண்டு கிலோமீற்றர் அடிக்கும் ஐயா."

"தம்பி, எங்கட வளவு நாலு பரப்பு."

"அதுக்கென்ன ஐயா, கூட இருந்தால் நல்லதுதானே."

கடைப் பெடியன் சுவரில் அடித்துக் காட்டினான். முன்கண்ணாடியை இழுத்துக் கூராக்க, வட்டத்துக்குப் பதில் ஒரு மஞ்சள் சதுரம் வந்து உட்கார்ந்தது. உள்ளே இருக்கிற எல்ஈடி சில்லின் படத்தையே வில்லை பெரிதாக்கிச் சுவரில் ஒட்டுகிறதாம். சதுரத்துக்கு வெளியே ஒரே கும்மிருட்டு. புடையனுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

"அமத்துற மட்டும் எரியிற பொத்தான் இல்லையோ?"

"ஒரு பொத்தான்தான் ஐயா. அஞ்சு மோட்."

ஒருதரம் அமத்தினால் முழு வெளிச்சம். அடுத்தது அரை, அதற்கடுத்தது கால். நாலாவது, கல்யாண வீட்டு மின்குமிழ் மாதிரி வெட்டி வெட்டி எரியும். ஐந்தாவது எஸ்ஓஎஸ்: மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில். அதற்குப் பிறகுதான் அணையும். ஒவ்வொரு முறை அணைக்கவும் மூழ்குகிற கப்பல் ஒன்றின் கூக்குரலைத் தாண்டித்தான் வரவேண்டும். பக்கத்துக் கடையிலும் அதே சாமான், பெயர் மட்டும் வேறு. வாங்கினேன்.

மூன்றாம் நாள் விடியப்புறம் "தொப்" என்று கேட்டது. கிணற்றடியில் நின்று அடித்தேன். சதுரம் வேலி தாண்டி, ஒழுங்கை தாண்டி, யாருடையவோ மாடி வீட்டு யன்னலில் போய் விழுந்தது. அவசரமாக அமத்தினேன். அரை, கால், வெட்டு வெளிச்சம். வேலிக்கு அங்கால் இருந்து குரல் வந்தது.

"என்னண்ணை, ஏதும் ஆபத்தோ?"

"இல்லைத் தம்பி, அணைக்கிறன்."

எஸ்ஓஎஸ் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது நெடிலில்தான் பனையடி தெரிந்தது. பக்கத்து வளவு மாடு, கண் இரண்டும் பச்சையாக மினுங்க, ஆறுதலாகப் பனங்காய் சூப்பிக்கொண்டு நின்றது.