விண்ணப்பதாரர் நினைவோடு இருக்கிறார்

செவிலியர் துறையில் ஆய்வுத் தலைப்புக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அச்சு தயாராக இருக்கிறது. ‘இன்ன ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையில், இன்ன நோயாளிகளைப் பராமரிப்போரிடையே, இன்ன விஷயம் பற்றிய அறிவின் மீது, கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் நிகழ்ச்சியின் செயல்திறனை மதிப்பிடும் ஓர் ஆய்வு.’ ஊர், நோய், விஷயம் மூன்றையும் நிரப்பினால் போதும். எம்.எஸ்சி. படித்தபோது நானும் நிரப்பியவள்தான். முதலில் ஒரு கேள்வித்தாள் கொடுப்போம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. பிறகு பட அட்டைகளை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பாடம் நடத்துவோம். ஒரு வாரம் கழித்து அதே கேள்வித்தாளை நீட்டுவோம். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். சொல்லிக்கொடுத்தால் தெரிந்துகொள்வார்கள் என்ற உண்மையை இப்படித்தான் வருடா வருடம் நிரூபித்துவருகிறோம். இதுவரை யாரும் மறுத்ததாகத் தகவல் இல்லை.

பிஎச்.டி.க்குப் போனால் இந்த அச்சில் வார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு காரணம் பதினைந்தாம் பெட்டில் இருந்தது.

நான் வேலை பார்ப்பது பக்கவாத வார்டில். விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டிருக்கும். அதில் கஞ்சி ஊற்றுவது முதல் புரட்டிப் படுக்கவைப்பது வரை பாதி வேலை கூட இருக்கும் சொந்தக்காரர்கள் தலையில்தான். பதினைந்தாம் பெட்டுக்காரரின் மனைவிக்கு நான் எல்லாவற்றையும் முறைப்படி விளக்கினேன், படம் போட்ட நோட்டீஸும் கொடுத்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “சரிங்க சிஸ்டர்” என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால், நோட்டீஸ் பால் டம்ளரை மூடியிருந்தது. ஈ விழாமல் காத்ததால் அதையும் தொற்றுத் தடுப்பில் சேர்க்கலாம். ஆனால் அந்த அம்மாள் செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. இரண்டு தலையணையும் ஒரு புடவை மூட்டையும் வைத்துக் கணவரை நிமிர்த்தியிருந்தார். சிரிஞ்சால் லேசாக இழுத்துப் பார்த்தார். பிறகு பிஸ்டனைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, வடிகட்டிய கஞ்சியை ஊற்றி, அது தானாக இறங்கும்வரை காத்திருந்தார். கடைசியில் தண்ணீர்.

“நேத்து நான் சொன்னது புரிஞ்சிருச்சா?” என்று பெருமையோடு கேட்டேன்.

“நீங்க சொன்னது எங்க சிஸ்டர் புரிஞ்சுச்சு? பதினாலாம் பெட்டு அக்கா செஞ்சு காமிச்சுச்சு.”

பதினாலாம் பெட்டு அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒன்பதாம் பெட்டு. அவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டார். ஆக, என் வார்டில் எனக்குத் தெரியாமல் ஒரு கல்லூரி நடந்துகொண்டிருக்கிறது. அதன் பேராசிரியர்கள் இரவில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். என் கேள்வித்தாளை நீட்டினால் அந்த அம்மாளுக்கு மதிப்பெண் பூஜ்யம்தான், ஏனென்றால் அவருக்கு எழுத்து தெரியாது. இந்தக் கல்லூரி எப்படி நடக்கிறது என்பதைத்தான் ஆராய நினைத்தேன்.

நினைப்புக்குக் கைடு வேண்டுமே. யுஜிசியின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் எட்டுப் பேரைத்தான் ஏற்கலாம். இணைப்பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. நம் நாட்டில் செவிலியருக்குப் பட்டப்படிப்பு வந்ததே 1946இல்தான், தில்லியிலும் வேலூரிலும். முனைவர் பட்டம் வாங்கி, அதற்குப் பிறகும் கைடாக இருக்கத் துணிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இருப்பவர்களிடமெல்லாம் இடம் நிறைந்திருந்தது. என் விஷயத்தைக் கேட்டுக் கண் கலங்கிய ஒரே அம்மையாருக்கு ஓய்வுபெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருந்தது. அப்படிப்பட்டவர் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது என்பதும் விதி.

இடம் காலி என்று தெரிந்த மேடத்திடம் போனேன். பொறுமையாகக் கேட்டார்.

“நல்லா இருக்கும்மா. இதுல உங்க டீச்சிங் புரோகிராம் எங்க வருது?”

“அது இல்லை மேடம். அவங்களே ஒருத்தருக்கொருத்தர் கத்துக்குடுத்துக்கறாங்க.”

“அப்போ நீங்க எதுக்கு?”

இதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் என்னைச் சேர்த்துக்கொண்டார், மகராசி. விண்ணப்பத்தில் மட்டும் ‘செயல்திறன்’ என்ற சொல் எங்காவது இருக்கட்டும் என்றார். இல்லையென்றால் கமிட்டிக்கு மூச்சுத் திணறுமாம்.

வீட்டில் விதிகளை வாய்விட்டுப் படித்தார் என் கணவர். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு, பெண்களுக்கான சலுகை எல்லாம் சேர்த்தால் பத்து வரை போகலாம். ஆய்வு மாணவிக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பும் உண்டு என்ற வரி வந்ததும் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. “அது கட்டாயமில்லை” என்று தைரியம் சொன்னேன். மாமியாரின் கவலை வேறு. “படிச்சு முடிச்ச பொண்ணுன்னு சொல்லித்தானே உன்னைக் கட்டிவச்சாங்க?” என்றார். தரகர் இப்போது உயிரோடு இல்லாததால் விசாரிக்க வழியில்லை.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பத்தாம் வகுப்பில் இனிஷியல் பெயருக்கு முன்னால், பட்டத்தில் பின்னால், கவுன்சில் பதிவில் அப்பா பெயர் முழுசாக. மூவரும் நான்தான் என்று நோட்டரியிடம் சத்தியம் செய்தேன்.

உண்மையில் என்னைப் படுத்தியது நோக்க அறிக்கை. ‘ஏன் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறீர்கள்?’ இருபது வருடமாகக் கேஸ் ஷீட் எழுதிய கை இது. எழுதாத வேலை செய்யாத வேலைதான் என்று முதல் வருடத்திலேயே எங்களுக்கு ஓதிவிடுவார்கள். அதனால் எழுதுவோம், ஆனால் ஒரே நடையில்தான் எழுதுவோம். முதல் வரைவைப் படித்துப் பார்த்தேன். ‘விண்ணப்பதாரர் நினைவோடு இருக்கிறார். கேட்ட கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார். ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ளதாகத் தெரிவிக்கிறார். வேறு புகார் இல்லை. கண்காணிப்பில் வைக்கப்பட்டுள்ளார்.’ மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, “அம்மா, டிஸ்சார்ஜ் எப்போ?” என்றாள்.

அச்சமயம் நைட்டிங்கேல் அம்மையார்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. 1854இல் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார், வீரர்கள் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்று கண்டார், 1858இல் அதை இதழ் இதழாக வண்ணப் படமாக வரைந்து அரசாங்கத்தின் முகத்தில் நீட்டினார். அவரிடம் யாரும் என்.ஓ.சி. கேட்கவில்லை. எங்கள் கமிட்டி முன் வந்திருந்தால், “கருத்தியல் சட்டகம் எங்கேம்மா? ஒரே ஒரு போரை மட்டும் எடுத்திருக்கீங்க, மாதிரி அளவு போதுமா?” என்று இன்னும் இரண்டு போர்களுக்கு அனுப்பியிருப்பார்கள்.

எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30. தேர்வில் பாதி ஆய்வு முறையியல். நைட் டியூட்டியில் சக்‌ஷனுக்கும் சக்‌ஷனுக்கும் நடுவே நல் ஹைப்பாதிசிஸ் படித்தேன். வித்தியாசம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குவதாம் அது. விடியற்காலை மூன்று மணிக்கு எதற்கும் எதற்கும் வித்தியாசம் இல்லை என்பது எனக்குப் படிக்காமலே விளங்கியது.

நேர்முகத்தில் நான்கு பேர். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், உள்ளே போகும் முன்பே பகை எதற்கு? முதல் கேள்வி, எந்தக் கோட்பாடு? டோரத்தியா ஓரெம் என்றேன். தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாதவருக்கு அடுத்தவர் செய்யும் பராமரிப்புக்கும் அவர் கோட்பாட்டில் இடம் உண்டு. தலையாட்டினார்கள். அடுத்து, எப்படி அளப்பீர்கள்? அளக்கமாட்டேன், முதலில் உட்கார்ந்து பார்ப்பேன் என்றேன். தலையாட்டம் நின்றது. “வெறுமனே பார்க்கிறதுக்கு பிஎச்.டி.யா?” என்றார் ஒருவர்.

அதுவரை பேசாமலிருந்த ஓரத்து நாற்காலிக்காரர் தொண்டையைச் செருமினார். “வீட்ல அம்மாவுக்கு ட்யூப் போட்டிருக்கு. ஊத்தினதும் இருமல் வருது. எதனால?”

“படுக்கவச்சு ஊத்துறீங்களா சார்?”

“ஆமா. அசைக்கக்கூடாதுன்னு...”

“தலைப்பக்கம் முப்பதுலேருந்து நாற்பத்தைந்து டிகிரி தூக்கி வைங்க. ஊத்தின பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். பிஸ்டனால தள்ளாதீங்க. அதுக்கு முன்னாடி, ட்யூப் இடம் மாறியிருக்கான்னு இன்னைக்கே ஒரு சிஸ்டர்கிட்ட காட்டிடுங்க. அதுவரை எதுவும் ஊத்தாதீங்க.”

அவர் எழுதிக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர், “நாற்பத்தைந்து டிகிரின்னா எத்தனை தலகாணி?” என்று கேட்டு அவரும் எழுதிக்கொண்டார். ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்துக்கொண்டிருக்கையில் என் நேரம் முடிந்துவிட்டது. 30க்கு இதில் எத்தனை தேறும் என்று தெரியவில்லை.

வெளியே காத்திருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். “என்னக்கா கேட்டாங்க?”

“ட்யூப் ஃபீடிங்.”

அடுத்து உள்ளே போகவேண்டிய பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, அது ஃபர்ஸ்ட் இயர் பாடமாச்சேக்கா!” என்று பையைக் கவிழ்த்து நோட்டைத் தேட ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, “நோட்டெல்லாம் எதுக்கு, நான் சொல்றேன் கேளு” என்று தொடங்கினார்.