கையளிப்புப் பத்திரத்தில் இல்லாத வரி

மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. பத்தே ஆண்டில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. பின்னாளில் நெடுங்காலம் அந்தக் கோட்டைக்குள்தான் மாவட்டச் செயலகமான கச்சேரி இயங்கியது. காணிக் கோப்புகள் இருந்த அறைக்கு ஒரு பூட்டு. அதன் திறப்பு யாரிடம் என்று வாசலில் நிற்கும் காவலாளிக்கும் தெரிந்திருக்கும். இன்று கோப்புகள் கணினித் தளங்களுக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. திறப்பு யாரிடம் என்பதுதான் தெரிவதில்லை.

உட்புகும் உரிமையைக் கொடுப்பதில் நம் அலுவலகங்கள் காட்டும் கவனம், அதைத் திரும்பப் பெறுவதில் இல்லை. இடமாற்றக் காலத்தில் நடப்பதைப் பாருங்கள். மேசை, கதிரை, மின்விசிறி, அலுமாரித் திறப்பு எல்லாம் கையளிப்புப் பத்திரத்தில் ஏறும். போகிறவரும் வருகிறவரும் ஒப்பமிடுவார்கள். ஆவணத் தளத்தின் கணக்கைப் பற்றி ஒரு வரி இருக்காது. அது வாய்மொழியாகவே கைமாறும்: "பாஸ்வேர்ட்ட வட்ஸ்அப்பில போட்டு விடுறன் தங்கச்சி. மாத்திராதீங்க, மத்தாக்களும் அதாலதான் போற."

சில மாதம் கழித்து, வாகரைக்கு மாற்றலாகிப் போனவர் பட்டிப்பளையில் ஒரு காணிக் கோப்பைத் திறந்து திருத்தியதாகத் தளத்தின் பதிவு சொல்லும். உண்மையில் திருத்தியவர் யார்? ஐந்து பேர் ஒரே பெயரில் புகும் இடத்தில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. தவறு செய்தவர் தப்புகிறார். மாற்றலாகிப் போனவர் விசாரணைக்கு வந்து நிற்கிறார்.

ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் 1975இலேயே இதற்கு விதி வகுத்தார்கள்: ஒருவருடைய வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு உரிமை, அதற்கு மேல் துளியும் இல்லை. வாவிக் கரைக்கு இந்த ஒழுங்கு அந்நியமானதல்ல. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயம் போன்ற இடங்களில் எந்தக் குடிக்கு எந்தக் கடமை, ஆலய நிர்வாகியான வண்ணக்கர் பொறுப்பு யாருக்கு என்பதெல்லாம் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே உரிமை குடிவழியாக வருவது. அலுவலகத்தில் அது கடமையோடு வந்து கடமையோடு போய்விட வேண்டும்.

இதை அற்பமான நிர்வாக விடயம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசுமவுக்குரிய விண்ணப்பம் ஒன்றில் ஒரு குடும்பத்தின் வருமானம், வங்கிக் கணக்கு, வீட்டிலுள்ள நோயாளியின் விவரம் வரை இருக்கும். தனியே பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்தது உதவி கேட்டுத்தான். ஊரார் படிப்பதற்கு அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவளுடைய விவரத்தைக் காப்பதை அலுவலகத்தின் கடமையாக வகுத்திருக்கிறது.

ஆகவே ஆளுக்கொரு கணக்கு வேண்டும். இடமாற்றக் கடிதம் அமுலாகும் அன்றே பழைய கணக்கை மூட வேண்டும். கதிரைகளை ஆண்டுதோறும் எண்ணுகிறோமே, அதே நாளில் கணக்குகளையும் பெயர் பெயராக எண்ணலாம். மாதாமாதம் பாஸ்வேர்ட்டை மாற்றச் சொல்லி வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையின் பெயரோடு இந்த மாதம் 1, அடுத்த மாதம் 2 என்று எழுதத்தான் அது பழக்கும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டும் 2017இல் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. நீளமான ஒரு சொற்றொடரும், கைபேசிக்கு வரும் இரண்டாவது உறுதிப்படுத்தலும் அதைவிடப் பலமானவை.

இன்னொன்று, நகல். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவை கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. தனியே எடுத்து வைத்த நகல் அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. 2004 சுனாமியில் நாவலடியிலும் கல்லடியிலும் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் கடலுக்குக் கொடுத்தவர்கள், வேறிடத்துப் பதிவேட்டிலிருந்து பிரதி எடுத்துத்தான் மீண்டும் தங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆவணத் தளத்தின் நகலும் வேறொரு கட்டடத்தில், வலையமைப்போடு தொடர்பில்லாமல், வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அது திறக்கிறதா என்று அவர் அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும்.