நடுவீதியே நமக்குத் துணை

கேள்வி: நடைபாதை இருக்கும்போதே சென்னை ஜனங்கள் நடுவீதியில் நடப்பது ஏன்? நாகரிகக் குறைவுதானே? (ஒரு வாசகர், மாம்பலம்)

பதில்: அவர்கள்மீது பழி சுமத்துமுன், தாங்கள் ஒருநாள் அந்நடைபாதையில் ஏறிப் பார்த்தருள வேண்டும். ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்று இந்திய சாலை காங்கிரஸ் (அரசியல் கட்சியன்று, பாதை போடும் எஞ்சினீயர்களின் சபை) 2012-ல் வகுத்த விதி ஒருபுறமிருக்க, நம் தெருக்களிலோ, முழங்கால் வலியுள்ள பாட்டிமார் ஆஞ்சநேயரை ஸ்மரித்துக்கொண்டே ஏறவேண்டிய உயரத்தில் அக்கல் விளங்குகிறது. ஏறியபின் நாலடி வைத்தால் மின்சாரப் பெட்டி. அதைச் சுற்றி வந்தால் யாரோ நிறுத்திய ஸ்கூட்டர். அப்பால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காரின் சௌகரியத்துக்காகப் பாதை இறங்கி ஏறுகிறது. நியாயப்படி பாதை சமமாகச் செல்ல, காரல்லவோ சரிவில் ஏறி இறங்க வேண்டும்!

1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையின்றி நடப்பவருக்கே விட்டுவிட்டு, மரம், கம்பம், பெஞ்சு முதலியவற்றை ஓரத்தில் தனியே ஒதுக்கும்படியும் அதே விதிகள் கூறுகின்றன. 2019-ல் பாண்டி பஜாரில் பாதையை விஸ்தாரமாக்கியபோது, எவருடைய உபதேசமும் இன்றி ஜனங்கள் தாமே மேலேறி நடந்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் ஏறாதிருக்கக் குட்டைத் தூண்கள் நடுவதும் நல்ல ஏற்பாடே. ஆனால் அவற்றினிடையே சக்கர நாற்காலி புக இடம் வேண்டுமென்பது பல தெருக்களில் தூண் நட்ட பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது.