பணிவுறுதலும் பணிவுறுதல் நிமித்தமும்: ஹைதராபாத் லிங்க்ட்இன் பதிவுகளை முன்வைத்து

தமிழ் இலக்கணம் பாலைக்கென்று தனி நிலம் வைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்தால் அதுவே பாலை என்பது மரபு. மே மாத மதியத்தில் ராயதுர்கம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி அலுவலகம் வரை நடக்கும் பேறு பழம்புலவர் எவருக்கும் வாய்க்காததே காரணம். பாறை, பாறைமேல் கண்ணாடிக் கட்டடம், அது திருப்பி அடிக்கும் வெயில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க வீட்டைப் பிரிந்து போகும் மாந்தர் என்று சகல லட்சணமும் பொருந்திய பாலை ஒன்று அங்கே இருக்கிறது. 1998-இல் சைபர் டவர்ஸ் எழுந்ததில் தொடங்கி மாதாப்பூர், கொண்டாப்பூர், கச்சிபவுலி, நானக்ராம்குடா என்று பரவிய அந்த நிலத்துக்கென ஓர் இலக்கிய வகையும் விளைந்துவிட்டது. அதுவே லிங்க்ட்இன் போஸ்ட். தொழில் செய்வோர் தொழில் செய்வோருக்காக எழுதுவது. எழுதுவோர் தொகை மிகுதி. படிப்போர் தொகை தனி ஆய்வுக்குரியது.

ஆய்வெல்லையாக ஹைதராபாத்தைக் கொண்டது ஏன், பெங்களூரில் இதைவிட விளைச்சல் அதிகமாயிற்றே என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். விடை பத்திரப்பதிவில் இருக்கிறது. 2016-இல் லிங்க்ட்இன் நிறுவனத்தை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது மைக்ரோசாஃப்ட். அப்போதும் இப்போதும் அதன் தலைமைச் செயல் அதிகாரி சத்யா நாதெள்ளா, ஹைதராபாத்தில் பிறந்து பேகம்பேட்டை ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலில் படித்தவர். ஆகவே பெங்களூர்க்காரர்கள் எத்தனை போஸ்ட் போட்டாலும் அது குத்தகை நிலத்துச் சாகுபடியே.

இனி இத்திணையின் இலக்கணம். பெரும்பொழுது அப்ரைசல் நடக்கும் ஏப்ரல். சிறுபொழுது செவ்வாய்க்கிழமை காலை. டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆசான்கள் பலரும் சொல்லிக்கொடுக்கும் நல்ல நேரம் அதுதான். எல்லாரும் அந்நேரத்தில் எழுதிக்கொண்டிருப்பதால் அந்நேரத்தில் படிக்க ஆளில்லை என்பது ஆசான்கள் சொல்லாமல் விட்டது. கருப்பொருளில் தெய்வம் அல்காரிதம். உருவமற்றது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மனம் மாறுவது, பலி கேட்பது. விலங்கு யூனிகார்ன். மரம், வரவேற்பறையின் பிளாஸ்டிக் செடி. உணவு இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும். தொழில் கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் அனுப்புதல்.

உரிப்பொருளில்தான் இத்திணை மற்ற ஐந்தையும் மிஞ்சுகிறது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் எதுவும் இங்கே செல்லாது. இதன் உரிப்பொருள் பணிவுறுதல். விருது கிடைத்தால் பணிகிறார்கள். பதவி உயர்ந்தால் பணிகிறார்கள். டி-ஹப் என்னும் ஸ்டார்ட்அப் மையத்தின் மேடையில் மைக் பிடித்து, பின்னால் தம் பெயர் ஆளுயரத்தில் ஒளிரும் படத்தைப் போட்டு, அன்றைக்கு இன்னும் கூடுதலாகப் பணிகிறார்கள். வேலை போனவர் மட்டும் பணிவதில்லை. அவர் ‘அடுத்த அத்தியாயத்துக்கு ஆவலோடு காத்திருக்கிறார்’. அதுவே பணிவுறுதல் நிமித்தம்.

யாப்புக்கு வருவோம். ஒரு வாக்கியம், ஒரு வெற்று வரி, மறுபடி ஒரு வாக்கியம். இது அழகுக்காக வந்ததன்று. லிங்க்ட்இன் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு மீதியை ‘மேலும் பார்க்க’ என்ற கதவுக்குப் பின்னால் பூட்டுகிறது. எனவே முதல் வரியில் ஒரு கொலையாவது நடக்க வேண்டும். ‘என் மிகச் சிறந்த ஊழியரை நேற்று வேலையை விட்டு அனுப்பினேன்’ என்று தொடங்கும். கதவைத் திறந்து போனால், சனிக்கிழமையும் வேலை செய்தாராம், அதனால் ஓய்வெடுக்க வீட்டுக்கு அனுப்பினாராம். இதற்குத் தனியாக ஓர் அணிப் பெயர் வைக்க வேண்டும். ‘ஏமாற்றணி’ என்று முன்மொழிகிறேன்.

பதிவின் பேரெல்லை 3,000 எழுத்து. தமிழில் எழுதுவோருக்கு இதில் ஓர் அநீதி உண்டு. தொல்காப்பியர் குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டும் கொடுத்து, மெய்யெழுத்துக்கு அரைதான் என்றார். யூனிகோடோ ‘க’வுக்கு ஓர் இடமும் ‘க்’குக்கு இரண்டு இடமும் பிடிக்கிறது, புள்ளிக்குத் தனிக் கட்டணம். ‘பணிவுற்றேன்’ என்று நாம் பணிந்தால் தொல்காப்பியர் கணக்கில் 6 மாத்திரை, யூனிகோட் கணக்கில் 11 இடம். தமிழன் அதிகம் பணிவதில்லை என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் துணிபு. மறுப்போர் மறுக்கலாம்.

இவ்வகைப் பதிவில் அடிக்கடி வரும் மாந்தருள் தலையாயவர் கேப் டிரைவர். பன்னாட்டு நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவர் பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். தலைமைப் பண்பு பற்றி எந்த எம்.பி.ஏ. வகுப்பும் சொல்லாத உண்மையை டிரைவர் ஒரே வாக்கியத்தில் சொல்வார். துணைத் தலைவர் கண் கலங்குவார். டிரைவர் பெயர் வராது. துணைத் தலைவரின் பதவி முழுமையாக வரும். இந்த ஞானம் ஹைதராபாத்தில் மட்டும் இவ்வளவு ஊறுவது ஏன் என்று ஆராய்ந்ததில், பயோடைவர்சிட்டி சந்திப்பே ஊற்றுக்கண் எனக் கண்டேன். மாலை ஆறரை மணிக்கு அங்கே நிற்கும் வண்டியில் டிரைவருக்கும் பயணிக்கும் தத்துவம் தவிர வேறு போக்கில்லை. ஓடும் வண்டியில் உபதேசம் நடந்ததில்லை. குருக்ஷேத்திரத்திலும் 700 சுலோகம் பிறந்தது இரு சேனைக்கும் நடுவே தேர் நின்றிருந்தபோதுதான். அங்கும் சொன்னவர் சாரதி, கேட்டவர் மனம் தளர்ந்த உயர் அதிகாரி. 2019 நவம்பரில் மெட்ரோ ராயதுர்கம் வரை நீண்டது இத்துறைக்குப் பெரும் அடி. மெட்ரோ ஓட்டுநர் பயணியிடம் பேசுவதில்லை.

வகைமையின் தோற்றுவாயைத் தேடுவோர் கலிபோர்னியாவுக்கு ஓடுகிறார்கள். தஞ்சாவூர் போதும். கல்வெட்டின் தலையில் தன் வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் மெய்க்கீர்த்தி வழக்கத்தை நிலைநிறுத்தியவன் முதலாம் ராஜராஜன். காந்தளூர்ச்சாலையில் தொடங்கும், ஆட்சியாண்டு ஏற ஏறப் புதுப்புது நாடுகள் சேர்ந்துகொண்டே போகும். இன்றைக்கு அதற்குப் பெயர் ப்ரொஃபைல் அப்டேட். இத்தனை நாடு வென்ற கதையையும் சொல்லி முடித்துக் கல்வெட்டு எதற்கு வெட்டப்பட்டது என்று பார்த்தால், கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு. அதற்கு 96 ஆடு; சாவா மூவாப் பேராடு. நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும்.

என் கருதுகோள் இங்கேதான் பிறந்தது. மெய்க்கீர்த்தியை ஊர்ச் சபையார் எத்தனை பேர் கடைசிவரை கேட்டிருப்பார்கள்? ஆடு வாங்கிக்கொண்ட இடையன் கேட்டிருக்க மாட்டான். அவனுக்கு 96-உம் உழக்கும் போதும். விளக்கு எரிந்ததும் அந்த இரண்டு எண்ணால்தான். தொழில் செய்வோருக்காக எழுதும் எந்தப் பதிவிலும் வேலை செய்யும் பகுதி ஆடு, மீதி மெய்க்கீர்த்தி. நம் காலத்துப் பதிவுகளில் ஆடே இல்லாமல் கீர்த்தி மட்டும் ஓடுவதுதான் நோய்.

கருதுகோளைச் சோதிக்க, இந்த ஊரின் வணிக உரைநடையில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்டதை எடுத்துக்கொள்வோம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் அது. லிங்க்ட்இனில் ஒப்புதல் வாக்குமூலம் என்றொரு துணை வகை உண்டு. அதில் ஒப்புக்கொள்ளப்படும் குற்றம் பெரும்பாலும் ‘அளவுக்கு மீறி உழைத்துவிட்டேன்’ என்பதாக இருக்கும். ராஜு அப்படிச் செய்யவில்லை. வருத்தம் தெரிவிக்க ஒரு வாக்கியம், உடனே தொகைகள். கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்பது முதலில் வருகிறது. புலிமேல் சவாரி செய்து இறங்க வழி தெரியாமல் போன உவமை அதற்குப் பிறகுதான். உவமையை முதலில் வைத்து ‘மேலும் பார்க்க’ போட்டிருந்தால், நிறைய பேர் புலியைப் பாராட்டிவிட்டுப் போயிருப்பார்கள். செய்த காரியம் குற்றம். நீதிமன்றம் 2015-இல் தண்டனையும் கொடுத்தது. ஆனால் வாக்கிய வரிசை பற்றி ஆய்வாளனுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அமீர்பேட்டை அடுத்த சான்று. மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றி மென்பொருள் பயிற்சி நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் நோட்டீசும் பேனரும் இலக்கியவாதிகளால் ஏறெடுத்துப் பார்க்கப்படாதவை. என்ன கோர்ஸ், யார் சொல்லிக்கொடுப்பது, ‘ரியல் டைம்’ அனுபவம் எத்தனை ஆண்டு, இலவச டெமோ எந்தத் தேதி எத்தனை மணிக்கு, போன் நம்பர். தீர்ந்தது. அந்த ஒரு சதுர அடித் தாளைப் பார்த்து விடுதியில் இடம் பிடித்து, பாடம் படித்து, கடல் தாண்டிப் போனவர்கள் பிற்பாடு கலிபோர்னியாவிலிருந்து நீளமான போஸ்ட் எழுதுகிறார்கள். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த உரைநடையின் சுருக்கம் அவர்களுக்கே ஒட்டவில்லை.

இனி அளவை இயல். பதிவு பலித்தது என்று எப்படிச் சொல்வது? இம்ப்ரெஷன், ரீச், எங்கேஜ்மெண்ட் என்று மூன்று தராசு வைத்திருக்கிறார்கள்; மூன்றிலும் நிறுப்பது காற்று. லைக் ஒன்றே இருந்த இடத்தில் 2019-இல் லிங்க்ட்இன் கைதட்டும் குறியையும் சேர்த்தது. கைதட்டலுக்கு ஹைதராபாத்தில் பழைய வரலாறு உண்டு. கோல்கொண்டாவின் ஃபதே தர்வாசாவில் நின்று தட்டினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி மலை உச்சியில் பாலா ஹிஸாரில் கேட்கும். கீழே ஆள் வந்திருக்கிறான் என்று மேலே இருப்பவனுக்கு அதனால் தெரியும். லிங்க்ட்இன் கைதட்டலால் யாருக்கு என்ன தெரிகிறது? அனுபவத்தில் கண்டது: தட்டியவரும் நாளைக்கு ஒரு போஸ்ட் போடப்போகிறார்.

எனவே நம்பத்தக்க ஓர் அலகை முன்மொழிகிறேன்: பதிவின் விளைவாகப் போக்குவரத்துப் போலீஸ் வந்ததா, வரவில்லையா? ஆம் அல்லது இல்லை, இடைநிலை கிடையாது.

இந்த அலகில் தேறிய பதிவு, நானறிந்து, இந்நகரில் ஒன்று உண்டு. மாதாப்பூரில் ஐ.டி.சி. கோஹினூர் ஹோட்டலுக்குப் பக்கத்தில் சாலையோரம் மதியச் சாப்பாடு விற்கும் குமாரி ஆன்ட்டியுடையது அது. அவர் போஸ்ட் போடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சோறும் சிக்கனும் மட்டனும் ஈரலும் பரிமாறிக்கொண்டு, சாப்பிட்டவரிடம் தெலுங்கில் கணக்குச் சொன்னார்: உங்களுடையது மொத்தம் ஆயிரம் ஆயிற்று, ரெண்டு லிவர் எக்ஸ்ட்ரா. யாரோ வீடியோ எடுத்தார்கள். ஆந்திரம், தெலங்கானா முழுவதும் அந்த வாக்கியம் ஓடியது.

உரையாசிரியர் மரபில் இதைப் பதம் பிரித்துப் பார்க்கலாம். ‘உங்களுடையது’ என்றதால் வாடிக்கையாளர் முதலில் நிற்கிறார். விற்பவர் வாக்கியத்திலேயே இல்லை. ‘மொத்தம் ஆயிரம்’ என்றதால் விலை தெரிந்தது. ‘ரெண்டு லிவர்’ என்றதால் சரக்கும் அளவும் தெரிந்தன. ‘எக்ஸ்ட்ரா’ என்ற ஒரு சொல்லில், வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் அளவுக்கு அந்த ஈரல் இருந்தது என்ற சான்றிதழும் அடங்கிவிட்டது. பயணம் இல்லை, பேரார்வம் இல்லை, ‘ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்ற கடைசி வரி இல்லை. ஹேஷ்டேக்கை மற்றவர்கள் போட்டுக்கொண்டார்கள். சுற்றிலும் உள்ள கண்ணாடிக் கட்டடங்களில் கண்டென்ட் ஸ்ட்ராட்டஜி என்ற பெயரில் சம்பளம் வாங்குவோர் இறங்கிவந்து அவரிடம்தான் சாப்பிட்டார்கள். வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொள்ளாமல் மேலே போனார்கள்.

விளைவு: கூட்டம், வாகனம், நெரிசல். 2024 ஜனவரி இறுதியில் போக்குவரத்துப் போலீஸ் வந்து கடையை எடுக்கச் சொன்னது. முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி தலையிட்ட பிறகு கடை அங்கேயே தொடர்ந்தது. அலகில் அவர் பெற்ற மதிப்பெண் முழு மதிப்பெண். முதலமைச்சர் தலையிட்டதை எங்கே சேர்ப்பது என்பதற்கு அட்டவணையில் இடமில்லை.

அதன்பின் நடந்தது மேற்கோள் ஆட்சி. பிப்ரவரியில் ஹைதராபாத் நகரப் போலீசும் தம் சமூக ஊடகப் பக்கத்தில், போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டிய ஒருவரின் படத்தைப் போட்டு, மொத்தம் ஆயிரம் ஆயிற்று, யூசர் சார்ஜ் எக்ஸ்ட்ரா என்று எழுதினார்கள். ஈரல் போய் அபராதம் வந்தாலும் எண் அசையவில்லை. அது அசையாததால்தான் நகலும் பலித்தது என்பேன்.

கோட்பாட்டைச் செயலில் காட்டாத ஆய்வுக்குப் பட்டம் கிடைக்காது. கொண்டாப்பூரில் கணக்கு மென்பொருள் விற்கும் நண்பர் ஒருவரின் போஸ்டைத் திருத்தித் தரும் வாய்ப்பு கிடைத்தது. அவர் எழுதியிருந்ததில் அப்பாவின் சைக்கிள் இருந்தது, முதல் முதலீட்டாளர் கதவைச் சாத்தியது இருந்தது, சிக்னலில் பேனா விற்ற சிறுவன் ஒருவன் விடாமுயற்சியைப் போதித்தது இருந்தது. மென்பொருள் இல்லை. நான் திருத்திக் கொடுத்தது இது: ‘சிறு கடைகளுக்கான கணக்கு மென்பொருள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் இதிலேயே போடலாம். மாதம் 500 ரூபாய். தினமும் மாலை 4 மணிக்கு டெமோ.’

நண்பர் இரண்டு முறை படித்தார். “எல்லாம் சரிங்க சார், விலையை மட்டும் எடுத்துடலாம். விலை சொன்னா லீட் வராதுன்னு மார்க்கெட்டிங்ல சொல்றாங்க” என்றார். விலையை எடுத்தார். எடுத்த இடம் காலியாக இருக்கக் கூடாதென்று சிறுவனை மறுபடி கொண்டுவந்து உட்கார்த்தினார். செவ்வாய்க்கிழமை காலை போஸ்ட் போட்டார். முதல் கமெண்ட் ஒரு பலசரக்குக் கடைக்காரருடையது: ‘விலை?’

நண்பரின் பதில் அதன் கீழேயே இருக்கிறது: ‘இன்பாக்ஸ் பார்க்கவும்.’ அதற்கும் மூன்று பேர் கைதட்டியிருக்கிறார்கள்.