துயிலாதார் இலக்கணம்

விடுதி மாணாக்கர் துயில் நான்கு வகைப்படும். அவற்றுள் துயில் எனத்தக்கது ஒன்றே. ஏனைய மூன்றும் படுத்திருத்தல். (பொறியியல் கல்லூரி ஆண்கள் விடுதி கண்டு வகுத்தது இது. மருத்துவ மாணாக்கர் படுப்பதே அரிதாகலின் அவர்க்குத் தனிநூல் வேண்டும்.)

படுத்திருப்பாருள் தலையாயவர் அரியரஞ்சியார். ஸ்டடி ஹாலிடேஸ் தொடங்கியதும் இவர் முதலில் நிறுத்துவது மாலை ஷட்டில். புதிதாகத் தொடங்குவது இரவு டீ. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேரும். சேரச் சேர உறக்கம் கண்ணை அழுத்தும். டீயிலுள்ள கஃபீனோ, அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்ளும். குடித்ததில் பாதி கழியவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். 11 மணிக்குக் குடித்த டீ விடியற்காலை 4 மணிக்கும் பாதி விழித்திருக்க, அதன் துணைக்கு இவரும் விழித்திருப்பார். அந்நேரத்தில் ஏறுவது பாடமன்று, பயம். பயம் ஏறினால் இன்னொரு டீ.

இரண்டாமவர் ஜிம்மில் பணம் கட்டியவர். இவர் வினை எக்காலத்தும் எதிர்காலம்.

மூன்றாமவர் நள்ளிரவுத் தண்டாலர். களைத்தால் தூக்கம் வரும் என்று கேள்விப்பட்டு 12 மணிக்கு மேல் தரை அதிரத் தண்டால் எடுப்பார். உறக்கம் வர உடலின் உட்சூடு தணியவேண்டும். இவர் அதை ஏற்றிவிட்டுப் போர்வையை இழுப்பார். மாலையில் ஆடினாலே தூக்கம் கெடும் என்னும் பழைய விதி இன்று தளர்ந்துவிட்டது. கடும்பயிற்சி படுக்கும் நேரத்தை ஒரு மணி நேரத்துக்குள் நெருங்கினால்தான் வம்பு. இவர் உறங்காமை தன்வினை. அறைத்தோழர் உறங்காமை பிறவினை.

நான்காமவரே உறங்குவார். உடற்பயிற்சி செய்கிறோம் என்பதே இவருக்குத் தெரியாது. வாலிபாலுக்கு ஓராள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள், போனார். நெஞ்சு படபடத்தல், மூச்சு வாங்கல், வியர்த்தல் ஆகிய அச்சத்தின் மெய்ப்பாடுகள் இவருக்குத் தினமும் மாலை ஐந்தரைக்கு வந்து ஆறரைக்கு அடங்கும். தேர்வறையில் அவையே வரும்போது, இது பழைய ஆள்தானே என்று உடம்பு விட்டுவிடும். நூலுள் நான் மெச்சுவது இவ்வொருவரையே.

அற்றேல், ஆடுவதால் உறங்கினாரோ, உறங்கியதால் ஆடத் தெம்பு பெற்றாரோ எனின், இரண்டும் கொள்ளப்படும். ஆயினும் ஆடாதவரை ஆடவைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் தூக்கம் ஓரளவு தேறியமையின், ஆட்டத்துக்கு ஒரு பங்கு உண்டென்க. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வயதுவந்தோர்க்கு விதித்த கீழெல்லை வாரம் 150 நிமிடம் மிதமான உழைப்பு. நாளொன்றுக்கு 22 நிமிடம்கூட ஆகாது. மெஸ்ஸில் பரோட்டா நாள் வரிசை இதனினும் நீளம்.

துயிலை அளக்க 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் அளவுகோல் உண்டு. ஏழு கூறு, மொத்தம் 21 மதிப்பெண். 5ஐத் தாண்டினால் துயில் கேடு. பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7க்கும் உச்சம் 21தான். அரியரஞ்சியார் தம் படிப்புக் காலத்தில் உயர்ந்த மதிப்பெண் பெறுவது இவ்விரண்டு தாள்களில் மட்டுமே.

புறநடை: முதல் பீரியடில் நால்வரும் ஒருங்கே உறங்குவது இவ்விலக்கணத்துள் அடங்காது. அதற்குக் காரணர் பாடம் நடத்துவார்.